இருக்கைக்கு அடியில் 16 செல்கள்

ஜெயநகர், பெங்களூரு

அன்புள்ள மணி,

எட்டு மாதங்களாக ஒரு வரிகூட எழுதாததற்கு நீ எப்படித் திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். உன் முழங்கால் எப்படியிருக்கிறது, தங்கை நலமா என்று கேட்டுவிட்டுச் செய்திக்கு வருவதுதான் முறை, கேட்டுவிட்டதாக வைத்துக்கொள். என் பழைய மின்சாரக் கார் ரேவாவை விற்றுவிடப் போகிறேன் என்று சென்ற முறை சொன்னேன் அல்லவா, விற்கவில்லை. அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அதன் ஈய பேட்டரிகள் எட்டையும் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு லித்தியம் வைத்திருக்கிறேன். ஈயக் கட்சியின் ஆயுட்கால உறுப்பினரான நீ இந்த இடத்தில் கடிதத்தை மடித்துவிடாமல் மேலே படிக்க வேண்டும், ஏனென்றால் உன்னிடம் கேட்க வேண்டியது கடைசியில்தான் இருக்கிறது.

2006இல் வாங்கிய வண்டிக்கு, கழற்றியது நான்காவது செட். ஆறு வோல்ட் பேட்டரிகள் எட்டு, மொத்தம் 48 வோல்ட், 200 ஆம்பியர் மணி; தாளில் 9.6 கிலோவாட் மணி. ஆனால் அந்த 200 என்பது பல மணி நேரம் நிதானமாக எடுத்தால் கிடைக்கும் கணக்கு என்பதும், மேம்பாலத்தில் மிதித்து ஏறினால் அதில் கணிசமான பகுதி கைக்கு வராது என்பதும், பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் தகடுகளில் சல்பேட் படிந்துவிடும் என்பதும் எனக்குப் பாடம் எடுத்தவனே நீதான். புதிதில் 80 கிலோமீட்டர் என்று சொல்லப்பட்ட வண்டி சென்ற ஆண்டு 25ஐத் தாண்டவில்லை. டிஸ்டில்டு வாட்டர் கேனும் கையுமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நான் குனிந்திருப்பதைப் பார்த்து, உங்களுக்கு இது இரண்டாம் சம்சாரம் என்று வீட்டில் சொல்லாத நாளில்லை.

இப்போது இருப்பவை லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள், 16, ஒவ்வொன்றும் 3.2 வோல்ட், 280 ஆம்பியர் மணி. தொடராக இணைத்தால் 51.2 வோல்ட், ஏறக்குறைய 14.3 கிலோவாட் மணி. ஈயம் 270 கிலோ இருந்த இடத்தில் செல்கள் மட்டும் 86 கிலோதான் வருகின்றன; பெட்டி, கம்பிகள் எல்லாம் சேர்த்தாலும் 110 கிலோவைத் தாண்டவில்லை. சுமை குறைந்ததால் வண்டி ஒரு விரற்கடை உயர்ந்து, பள்ளங்களில் ஆட்டுக்குட்டி போலத் துள்ளுகிறது. சென்ற மாதம் ஓசூர் வரை போய் வழியில் எங்கும் சார்ஜ் செய்யாமல் திரும்பி வந்தேன். அத்திப்பள்ளியைக் கடக்கும்போது உன்னை நினைத்துக்கொண்டேன். அன்று நீ தள்ளிய தள்ளலை எந்த செல்லாலும் ஈடு செய்ய முடியாது.

இவ்வளவும் பெருமை. இனிமேல் வருவது வேறு.

செல்களை விற்றவர், அவற்றைக் கண்காணித்து, அளவு மீறினால் இணைப்பைத் துண்டித்துக் காக்கும் மின்னணுப் பலகையான பி.எம்.எஸ். 150 ஆம்பியர் போதும் என்றார், நானும் கேட்டுக்கொண்டேன். இந்த மோட்டார் உச்சத்தில் 13 கிலோவாட் இழுக்கும். 48 வோல்ட்டில் அது 270 ஆம்பியர் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. அந்தக் கணக்கைப் போடாமல் டெய்ரி சர்க்கிள் மேம்பாலத்தில் ஏறினேன். பாதி ஏற்றத்தில் பி.எம்.எஸ். இணைப்பைத் துண்டித்துவிட்டது, பின்னால் ஒரு பேருந்து. ஈயம் மூச்சு வாங்குகிறது என்று அரை கிலோமீட்டருக்கு முன்பே சொல்லும், நாம் ஓரம் கட்டிவிடலாம். லித்தியம் ஒன்றும் சொல்வதில்லை. கடைசி வரை அதன் மின்னழுத்தம் கிட்டத்தட்ட ஒரே நிலையில் நிற்பதால், வோல்ட்டேஜைப் பார்த்துச் சொல்லும் பழைய முள் முக்கால் என்று காட்டிக்கொண்டே இருக்கும், பிறகு சட்டென்று இருட்டு. பி.எம்.எஸ்ஸை மாற்றினேன், போகும் வரும் ஆம்பியரை எண்ணிக் கணக்கு வைக்கும் ஷண்ட் மீட்டர் போட்டேன். ஈயத்தைச் சமன்படுத்த மிகையாக ஏற்றும் பழக்கமுள்ள சார்ஜரை ஒதுக்கிவிட்டு, 58.4 வோல்ட்டில் நிற்கும் வேறு சார்ஜரும் வாங்கினேன்.

அடுத்தது வீட்டில் இன்னும் சொல்லாதது. மூன்று வாரங்களுக்கு முன்பு, இணைப்புத் தகடுகளை இறுக்கும்போது ஸ்பானர் நழுவி இரண்டு முனைகளுக்கு நடுவே விழுந்தது. ஒரு வெளிச்சம், ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தால் ஸ்பானரின் நுனி உருகிப்போயிருக்கிறது. நல்ல வேளையாக என் மோதிர விரல் அந்தப் பக்கம் இல்லை. இரும்பு பாஸ்பேட் மற்ற லித்தியம் வகைகளைப் போல எளிதில் கொதித்தெழாது என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், அது உண்மையும்கூட. ஆனால் நழுவும் ஸ்பானருக்கு வேதியியல் தெரியாது. மோதிரத்தை அன்றே கழற்றி வைத்துவிட்டேன். ஏன் கழற்றினீர்கள் என்ற கேள்விக்கு விரல் வீங்கியிருக்கிறது என்று பொய் சொல்லியிருக்கிறேன்.

இந்த நிலையில்தான் போன வாரம் பெரியவள் வந்து, அப்பா, குட்டியைப் பள்ளிக்கு அழைத்துப் போக ரேவாவைக் கொடுங்கள் என்று கேட்டாள். மணி, நான் தனியாக ஓட்டும் வரை அது என் பைத்தியம், என் பொறுப்பு. குழந்தை உட்காரும் இருக்கைக்குக் கைக்கெட்டும் தூரத்தில், முன் இருக்கைகளுக்கு அடியில், நான் கராஜில் விசிறி போட்டுக்கொண்டு என் கையால் பொருத்திய பெட்டி இருக்கிறது என்று நினைத்ததும் வாய் எழவில்லை. நாளை சொல்கிறேன் என்றேன். ஆறு நாளாக நாளை என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போதாக்குறைக்கு, 2021இல் ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்த பதிவு 2026இல் முடிகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி அனுமதியின்றி வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது என்பதை வேலை முடிந்த பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். ஒன்று நடந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது அதைத்தான். நம் செட்டியார் வாத்தியார் இருந்திருந்தால், விடையை எழுதிவிட்டுக் கேள்வியைப் படிக்கிறவன் என்று மறுபடியும் காதைத் திருகியிருப்பார்.

ஆகையால் பொங்கல் விடுமுறையில் நீ இங்கே வர வேண்டும். பெட்டியைத் திறந்து, ஃபியூஸ் செல்லுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, கம்பிகள் எங்கே உரசுகின்றன, போல்ட்டுகள் எவ்வளவு இறுகியிருக்கின்றன என்று பார்த்து, உன் பேத்தியை உட்கார வைப்பாயா மாட்டாயா என்று ஒரே சொல்லில் சொல். மாட்டேன் என்றால் செல்களை மாடியில் சூரியத் தகட்டோடு இணைத்துவிட்டு வண்டியைத் திண்ணைக்குத் துணையாக நிறுத்திவிடுகிறேன். சரி என்றால் அனுமதிக்கு முறையாக விண்ணப்பிக்கும் வேலையிலும் நீதான் உடனிருக்க வேண்டும். அதுவரை சாவி என் சட்டைப் பையில்தான்.

வரும்போது போல்ட்டை அளவோடு இறுக்கும் டார்க் ரென்ச்சையும், கைப்பிடி முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றிய உன் பழைய ஸ்பானரையும் எடுத்துவா. அந்த டேப்பைப் பார்த்து முப்பது ஆண்டுகளாக நான் சிரித்ததைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ராமு