காற்று நின்ற பிறகு லாரிகளை விடுகிறோம்

தமிழ்நாடு மாசு கட்டுப்பாடு வாரியத்துக்கும், சென்னைப் பெருநகரப் போக்குவரத்தை ஒருங்கிணைக்கும் ஆணையமான கும்டாவுக்கும், சென்னை போக்குவரத்துக் காவல்துறைக்கும் வணக்கம்.

டெல்லி மூச்சுத் திணறுகிறது என்று செய்தி வரும்போதெல்லாம் நம் ஊரில் ஒரு பதில் தயாராக இருக்கும்: "நமக்குக் கடல் இருக்குப்பா." பொய்யில்லை. சென்னை தட்டையான கடற்கரை ஊர். வெயில் ஏறி நிலம் சூடானதும், நடுப்பகலை ஒட்டிக் கடல்காற்று உள்ளே வந்து, அண்ணா சாலைப் புகையைப் பூந்தமல்லிப் பக்கம் தள்ளிவிடும். (பூந்தமல்லிக்காரர்களை யாரும் கேட்டதில்லை.)

ஆனால் அந்தக் காற்று இருபத்து நாலு மணி நேரமும் வேலை செய்வதில்லை. இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்ததும் அடங்கிவிடும். மார்கழி, தையில் நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து, கனத்து, கீழேயே கிடக்கும். அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று பானை மூடி போல உட்கார்ந்துகொள்ளும். வெயில் நன்றாக ஏறும்வரை அந்த மூடி திறக்காது. 2018 போகியன்று கொளுத்திய பழசெல்லாம் பனியோடு சேர்ந்து, மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் தவித்தது நினைவிருக்கும். போகி வருடத்தில் ஒரு நாள். டீசல் புகைக்குப் போகி தேவையில்லை.

இங்கேதான் உங்கள் மூவரிடமும் என் கேள்வி. பகலில் நெரிசல் என்று கனரக வண்டிகளை நகருக்குள் தடுக்கிறோம், இரவில் விடுகிறோம். நெரிசல் கணக்குக்கு அது சரி. காற்றுக் கணக்கில், புகை கலைய வழியே இல்லாத நேரமாகப் பார்த்து விடுகிறோம். துறைமுகத்துக்குப் போகும் எண்ணூர் சாலையில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும். முன்னால் இருப்பது பத்தடி நகரும், பின்னால் இருப்பதும் பத்தடி நகரும், மறுபடி நிற்கும். இன்ஜினை யாரும் அணைப்பதில்லை. அணைத்தால் இடையில் இன்னொரு வண்டி நுழைந்துவிடும். சாலையோர வீடுகளில் காயப்போட்ட வெள்ளைத் துணியை உதறிப் பார்த்தால் மிச்சம் புரியும்.

நீதிமன்ற உத்தரவால் 2011-இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நின்று, வடக்கே எண்ணூருக்குப் போனது. ஊர் நடுவே கரித்தூசி குறைந்தது, சரி. வாடைக்காற்று மாதங்களில் எண்ணூர்ப் புகை எந்தப் பக்கம் வரும் என்று காசிமேட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அப்புறம் அந்தச் சராசரி. தினமும் வெளியாகும் காற்றுத் தரக் குறியீட்டில் நுண்துகளுக்கான (நுரையீரலுக்குள் ஆழமாகப் போகும் மிகச் சிறிய தூசி, PM2.5) கணக்கு 24 மணி நேரச் சராசரி. கடல்காற்று துடைத்துவிட்ட மதியத்தையும் காலை ஏழரை மணிப் புகையையும் ஒன்றாகக் கலக்கினால் 'திருப்திகரம்' என்று வந்துவிடும். நுண்துகளுக்கு இந்தியா வைத்த ஒருநாள் வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் சொல்வது 15. அந்த 60-க்குள் அடங்கிய நாளிலும் பள்ளி வேன் ஏறும் பிள்ளை சுவாசிப்பது ஏழரை மணிக் காற்றைத்தான். மணிவாரி அளவுகள் இணையத்தில் கிடைக்கின்றன, தேடத் தெரிந்தவர்களுக்கு. அவற்றை ஆலந்தூர், மணலி, வேளச்சேரி என்று இடம்வாரியாகப் பேருந்து நிறுத்தங்களில் தமிழில் காட்டினால் என்ன?

நாளைக் காலை காற்று நிற்குமா என்பது வானிலை ஆய்வு மையத்துக்கு முந்தைய நாளே ஓரளவு தெரியும். அப்படிப்பட்ட இரவுகளில், நகருக்குள் வேலை இல்லாத லாரிகளை வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலைக்குத் திருப்புங்கள். 62 கிலோமீட்டர் சாலையை இதற்குத்தானே போட்டோம்? துறைமுகத்துக்கு நேரம் குறித்த டோக்கன் கொடுத்தால் வரிசையில் நிற்கும் வண்டி இன்ஜினை அணைக்கும். 2025-இல் மின்சாரப் பேருந்துகள் வியாசர்பாடியிலிருந்து ஓடத் தொடங்கின. நல்லது ஒன்று வடசென்னைக்கு முதலில் வந்தது அபூர்வம்தான். குளிர்கால அதிகாலை நடைகளுக்கு அவற்றையே முதலில் எடுங்கள்.

எந்தச் சாலை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த அதிகாரி பொறுப்பு என்று எழுதிய அட்டவணை ஐப்பசி முடிவதற்குள் வெளியாக வேண்டும். கார்த்திகை மழை விட்டதும் அந்த மூடி விழத் தொடங்கிவிடும்.

இப்படிக்கு,
திருவொற்றியூர்வாசி ஒருவர்