உப்புக் கணக்கு

தூத்துக்குடி,
பிப்ரவரி 16

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். வழக்கமாக அடுத்த வரியில் நீ நலமா என்று கேட்பேன். இந்த முறை கேட்கவில்லை. ஆபீஸில் எடுத்த மருத்துவப் பரிசோதனையில் பிரஷர் 142-க்கு 94 என்று வந்ததை அம்மாவிடம் சொல்லிவிட்டு, "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்" என்றும் சொல்லியிருக்கிறாய். அவள் இரண்டு நாள் தாங்கினாள். மூன்றாம் நாள் காலையில் இட்லிக்கு மிளகாய்ப் பொடி வைத்துவிட்டுப் போனவள், திரும்பி வந்து அதில் பாதியை வழித்து எடுத்துக்கொண்டு போனாள். என்ன என்று கேட்டேன். எல்லாம் வந்துவிட்டது.

போனிலேயே பேசியிருக்கலாம். நீ "சரிப்பா, சரிப்பா" என்பாய். அந்தச் சரிப்பாவுக்கு நடுவில் நீ கம்ப்யூட்டரைத் தட்டுகிற சத்தமும் எனக்குக் கேட்கும். அதனால்தான் கடிதம்.

முதலில் ஒன்று. பயப்படாதே. ஒரு தடவை எடுத்த அளவை வைத்துக்கொண்டு எந்த நல்ல டாக்டரும் முடிவு சொல்ல மாட்டார். படியேறி வந்து மூச்சு வாங்கும்போது எடுத்திருந்தாலும் ஏறும், இரவெல்லாம் விழித்திருந்தாலும் ஏறும். திரும்பத் திரும்ப எடுத்தும் 140-க்கு 90-க்குக் கீழே இறங்காமல் நின்றால்தான் ரத்தக் கொதிப்பு என்பார்கள். ஆனால் 31 வயதில் அந்தக் கோட்டை ஒரு தடவை மிதித்திருக்கிறாய். நம் குடும்பத்துக்கு அது அலட்சியம் செய்யக்கூடிய கோடு இல்லை.

உன் அத்தையை நீ பார்த்திருக்கிறாய். 44 வயதில் அவளுக்குப் பிரஷர் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். மாத்திரை கொடுத்தார்கள். சில மாதம் போட்டாள். தலைவலி நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிட்டாள், நோய் போய்விட்டது என்று. 58 வயதில் ஒரு மார்கழிக் காலையில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் கோலமாவுக் கிண்ணத்தோடு சாய்ந்தாள். நீ அப்போது பத்தாம் வகுப்பு. பாதிக் கோலத்தைத் தாண்டித்தான் அவளைத் தூக்கிக்கொண்டு போனோம். அந்த வலது கை இன்றைக்கும் மடியில்தான் கிடக்கிறது. அந்தத் தலைவலி நின்றபிறகு, இடைப்பட்ட வருடங்களில் அவளுக்கு ஒரு நாள்கூட எதுவும் வலிக்கவில்லை. பிரஷர் வலிக்காது, அம்மாடி. வலித்திருந்தால் எவ்வளவோ பேர் பிழைத்திருப்பார்கள்.

இனி உப்புக்கு வருகிறேன். 34 வருடம் உப்பளத்தில் கணக்கு எழுதியவன் உப்பைப் பற்றி மகளுக்குப் புத்தி சொல்வது வேடிக்கைதான். சம்பளம் என்ற சொல்லுக்குள்ளேயே அளம் இருக்கிறது என்பார்கள். நீ படித்தது, உன் அண்ணன் படித்தது, இந்த வீட்டின் மாடி, எல்லாம் உப்பில் வந்தவை. அதனால் உப்பைப் பழிக்க மாட்டேன். அளவைப் பற்றி மட்டும் பேசுகிறேன், அதுதான் எனக்குத் தெரிந்த தொழில்.

அளத்தில் எல்லாமே அளவுதான். கடல் தண்ணீர் 3 டிகிரி இருக்கும், சூடு இல்லை, தண்ணீரின் அடர்த்தியைச் சொல்லும் டிகிரி. அதைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் வற்றவிட்டால் 25 டிகிரி வாக்கில் உப்பு பூக்கும். விளிம்பில் வெள்ளைக் கோடு கட்டுவது கண்ணுக்கே தெரியும். 29, 30 ஆகிவிட்டால் மீதித் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். விட்டுவைத்தால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும். கண்ணாடிக் கருவியைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, குனிந்து டிகிரி பார்த்து, நோட்டில் எழுதி, எத்தனை மூட்டை ஏறியது, எத்தனை டன் லாரியில் போனது என்று ஒரு கிராம் பிசகாமல் வைத்திருந்தேன். அந்த நோட்டை வைத்திருந்த ஆள்தான், தன் வீட்டுச் சமையல்கட்டில் எவ்வளவு உப்பு போகிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

பார்க்காதது மட்டும் இல்லை. இலையில் உட்கார்ந்தால் ஓரத்தில் ஒரு சிட்டிகை கல்லுப்பு இருந்தாக வேண்டும் எனக்கு. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று உன் அம்மாவைக் கிண்டல் செய்தபடி சாம்பாரில் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்வேன். உனக்கு மூன்று வயதிருக்கும், என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, விரலை நனைத்து என் இலையோர உப்பைத் தொட்டு நக்குவாய். முகத்தைச் சுளித்துவிட்டு மறுபடியும் தொடுவாய். "அளத்துக்காரன் பிள்ளை" என்று சொல்லிச் சிரிப்பேன். அந்தச் சிரிப்பு இப்போது தொண்டையில் நிற்கிறது.

இன்னொன்றும் உண்டு. விடியுமுன்னே உப்பு வார வருகிறவர்கள் தூக்குவாளியில் பழைய சோறும் கருவாடும் கொண்டுவருவார்கள். நானும் அதையே சாப்பிட்டு வளர்ந்தேன். அவர்கள் வெயிலில் நின்று சட்டை வெள்ளை பூக்கும் அளவுக்கு வியர்த்தார்கள். நான் ஓலைக் கொட்டகை நிழலில் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலை குமாஸ்தா வேலை, சாப்பாடு மட்டும் அளத்துச் சாப்பாடு. நீ ஏ.சி. அறையில் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாய்.

எனக்கும் மாத்திரை ஆரம்பித்தது உனக்குத் தெரியும். அப்போது டாக்டர், "ஐயா, உப்பைக் குறையுங்கள்" என்றார். "எவ்வளவு?" என்றேன். "எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்" என்றார். உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் அதுதான். தலை தட்டிய ஒரு தேக்கரண்டி. வீட்டுக்கு வந்து, ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பிரித்து அதன்மேல் தேதி எழுதினேன். உன் அம்மா, "சமையல்கட்டுக்கும் ஆடிட்டா?" என்றாள். 37-ஆம் நாள் பாக்கெட் காலி. இருப்பது இரண்டு பேர். வகுத்துப் பார், தலைக்கு 13 கிராமுக்கு மேல் வருகிறது. மீன் கழுவியது, வெண்டைக்காய்க்குப் பிசிறியது என்று அம்மா வாதாடினாள். சரி, இரண்டு கிராமைத் தள்ளிவிடு என்றேன். அப்படியும் 11. ஊறுகாய், அப்பளம், கருவாடு இதில் சேரவில்லை.

அவ்வளவு உப்பு உள்ளே போனால் உடம்பு அதைக் கரைக்கத் தண்ணீரைப் பிடித்துவைக்கிறது. பாத்தியில் தண்ணீர் ஏறினால் வரப்புதானே முட்டு வாங்க வேண்டும்? ரத்தக்குழாய்தான் அந்த வரப்பு. சிறுநீரகம் மிச்சத்தை வெளியே தள்ளித் தள்ளி ஓய்கிறது. வருடக் கணக்கில் முட்டு வாங்கிய குழாய் விறைத்துப்போகிறது.

குறைத்தோம். முதல் பத்து நாள் சாம்பார் கழுநீர் போல இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். எலுமிச்சை, மிளகு, பூண்டு, கொத்தமல்லித் தழை இவற்றைக் கூட்டினாள் அம்மா. சோற்றுக்கு உப்பு போடுவதை நிறுத்தினாள். பொரியலுக்கு அடுப்பை அணைத்தபிறகு மேலாகத் தூவினாள், அப்படித் தூவினால் கொஞ்சமே போதும், நாக்குக்கு முதலில் அதுதான் படுகிறது. ஐந்தாவது வாரத்தில் ஒரு கல்யாண வீட்டில் ரசத்தை வாயில் வைத்தேன். கிணற்று உப்புத் தண்ணீர் போல இருந்தது. சமையல்காரர் எப்போதும் போடும் அளவைத்தான் போட்டிருந்தார். என் நாக்குதான் மாறியிருந்தது. அடுத்து ஒரு பாக்கெட்டில் தேதி எழுதினோம். 72 நாள் வந்தது.

இதுவரை சொன்னது பெருமை. இனிமேல்தான் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டியது வருகிறது.

எங்கள் தட்டில் குறைத்தோமே தவிர, உனக்கு அனுப்பும் பார்சலில் குறைக்கவில்லை. "பிள்ளை வெளியூரில் வாய்க்கு ருசியில்லாமல் கிடக்கிறாள்" என்று மாங்காய் ஊறுகாய், மோர் மிளகாய், அப்பளம், கூழ் வடகம், நெத்திலிக் கருவாடு என்று மாதா மாதம் பெங்களூரு பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். பஸ் நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனவன் நான்தான். நேற்று அம்மாவின் ஊறுகாய்க் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ மாங்காய்த் துண்டுக்கு 200 கிராம் உப்பு. எண்ணெய், மிளகாய்த் தூள் எல்லாம் சேர்ந்து ஒன்றரைக் கிலோ வரும். நீ தயிர்சாதத்தோடு ஒரு பெரிய கரண்டி வைத்துக்கொண்டால், 15 கிராம் என்று வை, அதில் 2 கிராம் உப்பு.

பொங்கலுக்கு வந்தபோது நீ விட்டுப் போன நூடுல்ஸ் பாக்கெட் ஒன்று அலமாரியில் கிடந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். உப்பு என்று எங்கும் எண் போடவில்லை, சோடியம் என்று போட்டிருக்கிறான். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. அதிலும் ஒரு சாமர்த்தியம்: பாக்கெட் 70 கிராம், அட்டவணை 100 கிராமுக்கு. 1,200 மில்லிகிராம் என்றிருந்தது. 70 கிராமுக்கு 840. பெருக்கினால் 2.1 கிராம் உப்பு. இரவு பதினொரு மணிக்கு அது ஒன்று, மதியம் ஊறுகாய் ஒரு கரண்டி. ஐந்தில் நான்கு போய்விட்டது. காலை இட்லி, சட்னி, ஆபீஸ் கேன்டீன் குழம்பு, நாலு மணி சிப்ஸ் எல்லாம் அதற்கு மேலே. ரொட்டியிலும் பிஸ்கட்டிலும்கூட உண்டு, நாக்குக்குத் தெரியாமல். நீ உப்பு டப்பாவைத் தொடவே இல்லை என்று அம்மாவிடம் சத்தியம் செய்தாயாம். உண்மையாகத்தான் இருக்கும். உன் உப்பு டப்பாவிலிருந்து வரவில்லை.

இந்துப்பு வாங்கி வைத்திருக்கிறாய் என்றும் கேள்விப்பட்டேன். ரோஸ் நிறத்தில் அழகாகத்தான் இருக்கிறது. பழுப்பு, சாம்பல், வெள்ளை என்று எல்லா நிற உப்பையும் பார்த்தவன் சொல்கிறேன்: அதுவும் சோடியம் குளோரைடுதான், நிறத்துக்காகப் பிரஷர் இரங்காது. அயோடின் சேர்த்தது என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் ஒழிய அதில் போதிய அயோடின் கிடையாது. கழுத்துக் கழலை வரக் கூடாது என்றுதான் 2006 முதல் சாப்பாட்டு உப்பில் அயோடின் கட்டாயம் என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். சாதாரண அயோடின் உப்பையே வாங்கு, கொஞ்சமாகப் போடு. சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் ஒன்று விற்கிறார்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்திருக்கும். பலருக்கு நல்லதுதான். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கும் சில வகை பிரஷர் மாத்திரை போடுகிறவர்களுக்கும் ஆபத்து. டாக்டரிடம் கேட்காமல் தொடாதே. வாழைப்பழம், கீரை, இளநீர் இவற்றிலும் அதே பொட்டாசியம்தான். உனக்குச் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று ரிப்போர்ட்டில் வந்திருப்பதாக அம்மா சொன்னாள், ஆகையால் தாராளமாகச் சாப்பிடு.

நடக்கச் சொல்லியும் நேரத்துக்குத் தூங்கச் சொல்லியும் ஒரு பக்கம் எழுதி, கிழித்துப் போட்டுவிட்டேன். அது உனக்கே தெரியும்.

நாளை இரவு பஸ்ஸில் பார்சல் வருகிறது. உள்ளே கையில் சுற்றிப் பார்க்கும் பிரஷர் கருவி ஒன்று இருக்கிறது. ஏழு நாள் எடு. காலையில் எழுந்து, காபி குடிக்கும் முன்பு. நாற்காலியில் முதுகைச் சாய்த்து, கால் தரையில் படும்படி ஐந்து நிமிடம் சும்மா உட்கார். போனைப் பார்க்காதே. கையை மேஜைமேல், நெஞ்சு உயரத்தில் வை. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடு. இரவிலும் அப்படியே. எடுக்கும்போது பேசக் கூடாது, என்னிடம்கூட. கூடவே ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, காலை, இரவு என்று கட்டம் கட்டித் தந்திருக்கிறேன். எண்ணை மட்டும் எழுது, நல்லதாக வந்ததை மட்டும் எழுதாதே. அந்த நோட்டோடு டாக்டரிடம் போ. மாத்திரை வேண்டும் என்றால் போட்டுக்கொள். அத்தையைப் போல நீயாக நிறுத்தாதே.

மற்றபடி பார்சலில் பனங்கிழங்கு அவித்துக் காயவைத்தது, கறிவேப்பிலைப் பொடி, எள்ளுப் பொடி, வறுத்த கடலை. பொடி இரண்டிலும் உப்பு போடவில்லை. சப்பென்று இருந்தால் எலுமிச்சை பிழிந்துகொள். ஊறுகாய் இல்லை, அப்பளம் இல்லை, கருவாடு இல்லை. அம்மாவுக்கு மனசே இல்லை. "வெறும் பொட்டலத்தையா பிள்ளைக்கு அனுப்புவது?" என்று நேற்றெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

சற்று முன் பெட்டியைக் கட்டப் போனேன். நோட்டுக்கு அடியில், துணியில் முடிந்து மோர் மிளகாய். எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டு. நான் பார்த்ததை அவளிடம் சொல்லவில்லை. அப்படியே வைத்துக் கட்டிவிட்டேன். உன் கணக்கில் எழுதிக்கொள்.

அன்புடன்,
அப்பா