168தான் பொய்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மொத்தம் 274, அதில் 'கெட்ட கொலஸ்ட்ரால்' என்கிற எல்டிஎல் 196. "முட்டையை நிறுத்திட்டேன், தேங்காய்ச் சட்னி தொடறதே இல்லை, நாலு மாசத்துல 168 எப்படிப்பா 274 ஆச்சு?" என்று நீ கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. போனில் பதில் சொன்னால் பாதியில் அம்மா வாங்கிவிடுவாள். சொல்ல வேண்டியது கொஞ்சம் அதிகம். அதனால் கடிதம்.

உனக்கு நாலு மாசத்தில் ஏறவில்லை, பாப்பா. 168தான் பொய்.

அது எப்போது எடுத்தது? டெங்குவில் ஐந்து நாள் படுத்திருந்து, டிஸ்சார்ஜ் ஆகும் அன்று காலை. கடுமையான காய்ச்சலோ, ஆபரேஷனோ, மாரடைப்போ வந்தால் கொலஸ்ட்ரால் தானாக இறங்கிவிடும். பழைய இடத்துக்குத் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். போதாததற்கு நீ படுத்தே இருந்தாய். படுக்கும்போது திசுக்களில் இருக்கும் நீர் ரத்தக் குழாய்க்குள் வந்து ரத்தம் நீர்த்துப்போகும். அதிலேயே பத்தில் ஒரு பங்கு வரை குறைத்துக் காட்டலாம். இது தெரிந்தும், வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டபோது நானும் சேர்ந்து தலையாட்டினேன். 31 வருஷம் லேபில் ரத்தம் பார்த்தவன் செய்கிற காரியமா இது?

ஒரே ஆள், ஒரே சாப்பாடு; இன்றைக்கு 200 என்றால் அடுத்த வாரம் 188 வரலாம், 212ம் வரலாம். கர்ப்பத்தில் ஏறும், மாதவிடாய் நின்றபின் ஏறும், குளிர்காலத்தில் லேசாக ஏறும். கையில் கட்டும் பட்டையை ரொம்ப நேரம் இறுக்கி வைத்துவிட்டு ரத்தம் எடுத்தால்கூட ஏறும். எங்கள் லேபில் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளை இதற்காக எத்தனை முறை திட்டியிருப்பேன்!

முகூர்த்த மாசத்தில் சில டியூப்கள் வரும். சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி எடுத்தால் மேலே நிற்கும் சீரம், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, பால் கலந்த மாதிரி வெள்ளையாக இருக்கும். முந்தின ராத்திரி கல்யாணச் சாப்பாடு. பார்க்கிறவர்கள் "ஐயோ, கொலஸ்ட்ரால்!" என்பார்கள். அது ட்ரைகிளிசரைடு, ரத்தத்தில் இருக்கும் இன்னொரு வகைக் கொழுப்பு. சாப்பாட்டுக்குச் சாப்பாடு ஏறி இறங்குவது அதுதான். எல்டிஎல் ஒரு விருந்தில் ஏறிவிடாது. எல்டிஎல் மட்டும் கூடியிருக்கிற ரத்தத்தின் சீரம் தேன் நிறத்தில் அப்படியே தெளிந்து நிற்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

உன் பெரியப்பாவின் சீரம் அப்படித்தான் தெளிவாக இருந்தது. 1995ல் நானே எடுத்தேன். நிறம் காட்டும் ரீஏஜென்ட் கரைசலை ஊற்றிப் பத்து நிமிஷம் வைத்தபின் ரோஸ் நிறம் வந்தது. எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு கொலஸ்ட்ரால். பக்கத்து டியூப்கள் எல்லாம் வெளிர் ரோஸ்; அண்ணனுடையது பன்னீர் ரோஜா மாதிரி அடர்ந்து நின்றது. 340. ஒல்லி ஆள், சைவம், தினம் சைக்கிள். எண்ணெயைக் குறைக்கச் சொன்னார்கள். தாளிக்காத ரசம் குடித்தார் மனுஷன். இரண்டு மாசம் கழித்துப் பார்த்தேன், 318. "22 குறைஞ்சிருக்குடா!" என்று லேப் வாசலிலேயே எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அந்த 22 குறைச்சலே இல்லை, சும்மா இருந்தாலும் வருகிற ஏற்ற இறக்கம். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. அடுத்த வருஷம் மாட்டுப் பொங்கல் அன்று, 47 வயதில், கிணற்றடியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

இன்னொன்றும் நினைவில் இருக்கிறது. அவருடைய இரண்டு குதிகாலுக்கும் மேலே உள்ள நாண் தடித்து முண்டு முண்டாக இருக்கும். செருப்பு வார் உரசி உரசி வந்தது என்று நினைத்தோம். அது நாணில் படிந்த கொலஸ்ட்ரால். பின்னால் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

விஷயம் என்னவென்றால், நம் ரத்தத்தில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி உடம்பே செய்வது. ஈரலுக்கு அதில் பெரிய பங்கு. முட்டையில் கொஞ்சம் கூட வந்தால், பலருக்கு ஈரல் தன் உற்பத்தியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும். ரத்தத்தில் திரியும் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்க ஈரல் செல்லின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன. இதைக் கண்டுபிடித்த பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டீனுக்கும் 1985ல் நோபல் கொடுத்தார்கள். நெய், வெண்ணெய், தேங்காயெண்ணெய் அதிகமானால் ஏற்பிகள் குறையும், எல்டிஎல் ஏறும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் அப்படித்தான். ஓட்ஸ், வெந்தயம், அவரை, கொத்தவரங்காய் இவற்றின் நார் குடலில் பித்தத்தைப் பிடித்து வெளியே கொண்டுபோகும். புதுப் பித்தம் செய்ய ஈரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை இழுக்கும். கொலஸ்ட்ராலைக் குறைக்கக் கொடுக்கும் ஸ்டேட்டின் மாத்திரை ஈரலின் உற்பத்தியை அடைத்து அதைப் பட்டினி போடுகிறது. அப்போது ஈரல் ஏற்பிகளைக் கூட்டி ரத்தத்திலிருந்து அள்ளிக்கொள்கிறது. மாத்திரையை நிறுத்தினால் சில வாரத்தில் பழைய எண் வந்து நிற்கும்.

சில குடும்பங்களில் அந்த ஏற்பியே பாதிதான் வேலை செய்யும். பிறவியிலேயே. சுமார் 250 பேரில் ஒருவருக்கு இப்படி. அவர்கள் எண்ணெயைக் குறைத்தால் கொஞ்சம் இறங்கும், அதற்கு மேல் இறங்காது. பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

எனக்கு இருக்கிறது, பாப்பா. ராத்திரி நான் போடும் மாத்திரை பிரஷருக்கு இல்லை. 2001லிருந்து ஸ்டேட்டின்தான். உனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம், "பரம்பரை நோய்" என்று ஒரு வார்த்தை வெளியே போனால் என்ன ஆகுமோ என்று நானும் அம்மாவும் பேசி வைத்துக்கொண்டு மறைத்தோம். அப்புறம் சொல்ல நாள் வரவேயில்லை. உன் 274க்கு உன் வீட்டுச் சட்னி காரணமாக இருக்காது. நான் கொடுத்ததாக இருக்கும். கோபப்படு, பரவாயில்லை.

ஆனால் இதைச் செய். முதலில் தைராய்டு பார். இரண்டு வாரம் விட்டு, அதே லேபில் இன்னொரு தடவை கொலஸ்ட்ரால் எடு. ஊசி போடும் முன் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார். இதயநோய் டாக்டரிடம் பெரியப்பாவின் வயதையும் என் மாத்திரையையும் சொல். அவர் கேட்கும்வரை காத்திருக்காதே. இன்னொரு குழந்தை யோசனை இருந்தால் மாத்திரை தொடங்கும் முன்பே சொல்லிவிடு. இன்று ராத்திரி உன் குதிகாலைத் தடவிப் பார்.

பேத்திக்கு ஒன்பது வயதாகிறது, அவளுக்கும் ஒரு தடவை எடுத்துவிடலாம். கொலஸ்ட்ராலுக்கு மட்டும் என்றால் பட்டினி போட வேண்டியதில்லை, இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டே வரட்டும். இடது கையில் எடுக்கச் சொல், வலது கை அவளுக்குப் படம் வரைய வேண்டும்.

அன்புடன்,
அப்பா