லாங்வுட் சோலைக்கு வரவிருக்கும் தம்பிக்கு

அன்புள்ள செல்வா,

நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் 40 பேரோடு கோத்தகிரிக்கு வருவதாகவும், லாங்வுட் சோலையில் நட 500 வேப்பங்கன்றும் புங்கங்கன்றும் சொல்லி வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். நீங்கள் வருவதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. கன்றுகளை மட்டும் உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடு.

கோபித்துக்கொள்ளாதே. வேம்பும் புங்கமும் சமவெளி வெயிலுக்குப் பழகியவை. இந்த மலையின் தைக் குளிரைத் தாங்கமாட்டா. சோலை என்கிற இந்த மலைக்காட்டின் சொந்த மரக்கன்றே ஆனாலும் வெட்டவெளியில் நட்டால் பிழைப்பது அரிது. அதற்குத் தாய்மரத்தின் நிழல் வேண்டும், இலை மட்கிய ஈர மண் வேண்டும். சோலைகளை அடுத்திருக்கும் புல்வெளியைக் காலி இடம் என்றும் நினைத்துவிடாதே. அப்படி நினைத்துத்தான் நீலகிரி முழுக்கச் சீகை (வாட்டில்) மரத்தையும் கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தையும் நட்டார்கள். அவை விழுங்கிய புல்வெளியை மீட்க இன்றும் போராடிக்கொண்டிருக்கிறோம்.

லாங்வுட் மொத்தமே 116 ஹெக்டேர்தான். சுற்றுவட்டாரத்துப் பல ஊர்களுக்குக் குடிநீர் இங்கிருந்துதான் இறங்குகிறது. 2024 ஜனவரியில் கரைவெட்டிப் பறவைகள் சரணாலயத்தோடு இதுவும், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த செய்தி வந்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

இங்கே உங்களுக்கு வேலை சோலையின் ஓரத்தில் இருக்கிறது. ஆரஞ்சு நிறக் குழல் பூக்களோடு செஸ்ட்ரம் என்கிற அயல்நாட்டுச் செடி புதராக மண்டி, கீழே எதையும் முளைக்கவிடாமல் வெளிச்சத்தை மறைக்கிறது. அரிவாளால் வெட்டினால் மறுபடி துளிர்க்கும். ஐப்பசி மழையில் மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்கி, வேர் மண்ணில் படாதபடி தலைகீழாகச் சாய்த்து வைக்க வேண்டும். பக்கத்தில் விரல் நீளத்துக்குக் காட்டு நாவல் கன்று நின்றால் அதை மிதித்துவிடக் கூடாது. இதற்குத்தான் பொறுமை வேண்டும். நடுகிற வேலையை நீலகிரிக் காட்டுப்புறா பார்த்துக்கொள்ளும். சோலைப் பழங்களைத் தின்று விதைகளைக் கொண்டுபோய்ப் போடுவதில் அதற்கு ஈடாக நம்மில் யாரும் இல்லை.

மண்ணில் கிடக்கும் செஸ்ட்ரம் விதை அடுத்த மழைக்கே முளைத்துவிடும். ஆகவே 40 பேர் ஒருமுறை வருவதைவிட எட்டுப் பேர் ஐந்து முறை வந்தால் சோலைக்கு நல்லது. அந்த எட்டுப் பேரை நீயே தேர்ந்தெடு. இது காப்புக்காடு. பெயர்களை முன்கூட்டியே அனுப்பினால்தான் வனத்துறையிடம் அனுமதி கேட்க முடியும். காலையில் காட்டெருமை நிற்கும் இடம் என்பதால் சத்தம் போடாதவர்களாகப் பார்.

கையுறையும் முழுக்கைச் சட்டையும் போதும். அட்டைக்கு உப்பு நான் எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்