மூன்றாவதாக இருந்த முதல் திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

அமெரிக்க அரசியல் சாசனம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், பேச்சுரிமையே எல்லாவற்றிலும் தலையாயது என்று கருதித்தான் அதை முதல் திருத்தமாக வைத்தார்கள் என்றிருந்தது. பலரும் சொல்வதுதான், ஆனால் சரியல்ல.

1789 செப்டம்பர் 25 அன்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் மாநிலங்களின் ஒப்புதலுக்கு விட்டவை 12 திருத்தங்கள். அந்த வரிசையில் பேச்சுரிமை மூன்றாவது. முதல் இரண்டுக்கும் போதுமான மாநிலங்கள் சேரவில்லை. 1791 டிசம்பர் 15-ல் வர்ஜீனியாவும் ஒப்புக்கொண்டதும் மீதிப் பத்து நிறைவேறின, மூன்றாவது முதலாவதாகிவிட்டது.

அந்த 12-ல் முதலாவதாக இருந்த திருத்தத்தைப் படித்தால், தோற்றதே நல்லது என்று தோன்றும். காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் சபையின் அளவு பற்றியது அது. 30,000 பேருக்கு ஒரு உறுப்பினர், சபை 100-ஐ எட்டினால் 40,000 பேருக்கு, 200-ஐ எட்டினால் 50,000 பேருக்கு என்று கணக்கு போகும். இரு அவைகளின் கூட்டுக் குழு கடைசி நேரத்தில் கடைசி வரியில் கை வைத்தது, கணக்கு உதைத்தது. மக்கள்தொகை 90 லட்சம் என்று வைத்துப் பாருங்கள். உறுப்பினர் 200-க்குக் குறையக் கூடாது என்கிறது வரியின் ஒரு பாதி. 50,000 பேருக்கு ஒருவருக்கு மேல் கூடாது, அதாவது 180-ஐத் தாண்டக் கூடாது என்கிறது மறுபாதி. எப்படிச் சபை அமைப்பது? இரண்டாவது, உறுப்பினர்களின் சம்பள மாற்றம் அடுத்த தேர்தல் முடிந்த பிறகே நடைமுறைக்கு வரலாம் என்பது. கெடு எதுவும் விதிக்கப்படாததால் உயிரோடு கிடந்து, 1992-ல் 27-வது திருத்தமாக நிறைவேறியது.

இன்னொன்று. 1789 ஜூன் 8-ல் இவற்றை முன்மொழிந்த பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஜேம்ஸ் மேடிசன், சாசனத்தின் உள்ளேயே, அந்தந்தப் பிரிவில் செருகத்தான் கேட்டார். மூலத்தைத் தொடக் கூடாது, கடைசியில் சேருங்கள் என்று விடாப்பிடியாக நின்றவர் கனெக்டிகட் மாநிலத்தின் ரோஜர் ஷெர்மன். மேடிசன் யோசனை வென்றிருந்தால் 'முதல் திருத்தம்' என்ற பேச்சே எழுந்திருக்காது.

மேடிசன் எதை உயர்வாக நினைத்தார் என்பதற்கும் பதிவு இருக்கிறது. மனசாட்சி உரிமை, பத்திரிகைச் சுதந்திரம், குற்ற வழக்குகளில் ஜூரி விசாரணை ஆகியவற்றில் மாநில அரசுகளும் கை வைக்கக் கூடாது என்ற பிரிவைத்தான் பட்டியலிலேயே மிக மதிப்புள்ளது என்று சபையில் சொன்னார். பிரதிநிதிகள் சபை ஆகஸ்டில் நிறைவேற்றிய 17 திருத்தங்களில் அதுவும் ஒன்று. மேலவையான செனட் அதை வெட்டியது. அதன் பலன் 1833-ல் தெரிந்தது: மாநகராட்சிப் பணிகளால் தன் படகுத்துறை தூர்ந்துபோனது என்று நஷ்டஈடு கேட்ட பால்டிமோர்க்காரர் பாரனிடம், இந்தத் திருத்தங்கள் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. பேச்சுரிமை மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்று அதே நீதிமன்றம் ஏற்றது 1925-ல், அதுவும் 1868-ல் வந்த 14-வது திருத்தத்தின் வழியாக.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி