சங்க ஆண்டறிக்கை 2023–24: முலாஞ்சே மலையடிவார மிஷன் ஊழியமும் கட்டட வேலையும்

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். தலைவர் அண்ணனுக்கும் போதகர் ஐயாவுக்கும், மலாவியில பிளாண்டயர், லிம்பே, சோம்பாவுல இருந்து வந்திருக்கிற எல்லா குடும்பங்களுக்கும், வேலை மாறி ஊருக்குப் போயிட்டாலும் வாட்ஸ்அப் குரூப்ல இருந்து "என்னாச்சு, கூரை போட்டாச்சா"ன்னு கேட்டுட்டே இருக்கிற பழைய உறுப்பினர்களுக்கும் அன்பின் வணக்கம். 2023 ஏப்ரல்ல இருந்து 2024 மார்ச் வரைக்குமான அறிக்கைய கமிட்டி சார்பா வைக்கிறேன்.

வழக்கமான காரியங்கள சீக்கிரம் சொல்லிடுறேன். மாசாந்திர தமிழ் ஆராதனை நடந்துச்சு, கிறிஸ்மஸ் கேரல் கரண்ட் இல்லாத ராத்திரியிலயும் டார்ச் லைட்ட வச்சு நடந்துச்சு, அறுப்பின் பண்டிகை ஏலத்துல முறுக்கும் அதிரசமும் வாழைத்தாரும் நல்ல விலைக்குப் போச்சு, அந்தப் பணம் மொத்தமும் மிஷன் கட்டட நிதிக்குத்தான் போயிருக்கு. ஏலம் எடுத்த அண்ணன்மாருக்கும் ராத்திரியெல்லாம் முறுக்கு சுட்ட அக்காமாருக்கும் நன்றி.

இனி மிஷன் விஷயம். போன வருஷக் கூட்டம் எந்த நிலைமையில நடந்துச்சுன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2023 மார்ச்ல ஃப்ரெடி புயல் வந்து ஆறு மாச மழைய ஆறே நாள்ல கொட்டிட்டுப் போச்சு, தெற்கு மலாவியில இறந்தவங்களும் காணாம போனவங்களுமா சேர்த்து ஆயிரத்துக்கு மேல, வீடு இழந்தவங்க 6 லட்சத்துக்கு மேல. முலாஞ்சே மலைச்சரிவுல இருந்து பாறையும் சேறும் இறங்கி வந்து கிராமங்களையே மூடிடுச்சு. மிஷன் வளாகத்துல ஆஸ்பத்திரி மெயின் கட்டடம் நின்னுச்சு, ஆனா டீச்சர் குவார்ட்டர்ஸ்ல ரெண்டு வீட்டோட தகரம் பறந்துபோச்சு, நோயாளிகளோட வர்ற சொந்தக்காரங்க தங்குற பழைய கொட்டகை சுவரோட சாஞ்சிடுச்சு. அதே சமயம் காலராவும் நாடு முழுக்க ஓடிட்டு இருந்துச்சு.

அந்தக் கொட்டகையப் பத்தி கொஞ்சம் விவரமா சொல்லணும், ஏன்னா நம்ம பணம் அதிகமா போனது அதுக்குத்தான், ஏன் அதுக்குன்னு சில உறுப்பினர்கள் கேட்டிருந்தீங்க. இங்க ஆஸ்பத்திரியில ஒருத்தர அட்மிட் பண்ணினா கூடவே அம்மாவோ அத்தையோ பாட்டியோ வருவாங்க. துணி துவைக்கிறது, குளிப்பாட்டுறது, ன்சிமா (மக்காச்சோள மாவுக் களி) கிண்டி ஊட்டுறதுன்னு எல்லாம் அவங்க வேலைதான், நோயாளிக்குப் பாதி நர்ஸ் அவங்கதான். மாவு, பானை, துடுப்பு, விறகுன்னு எல்லாத்தையும் தலையில சுமந்துட்டு, இல்லைன்னா வாடகைக்கு ஓட்டுற கபாசா சைக்கிள் பின்னாடி கட்டிட்டு வருவாங்க. இது போக மாசம் நெருங்கின கர்ப்பிணிப் பெண்கள் தூர கிராமத்துல இருந்து ரெண்டு மூணு வாரம் முன்னாடியே வந்து காத்திருப்பாங்க, வலி எடுத்த பிறகு ராத்திரியில ஆத்தைக் கடந்து வர முடியாதுன்னு. இவங்க எல்லாருக்கும் கூரை கிடையாதுன்னா எங்க போவாங்க? ஏப்ரல்ல நாங்க போனப்ப ஒரு பாட்டி வராந்தா ஓரத்துல மூணு கல்லு வச்சு அடுப்பு மூட்டிட்டு இருந்தாங்க, சாரல் அடிக்குது, இடுப்புல கட்டியிருந்த சிதெஞ்சே துணிய அவுத்து அடுப்புக்கு மேல ஒரு கையால விரிச்சுப் பிடிச்சுட்டு இன்னொரு கையால ன்சிமா கிண்டிட்டு இருந்தாங்க. உள்ளே வார்டுல மகளுக்கு ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு நாள். அவங்கள ஓரமா போகச் சொல்ல யாருக்கும் மனசு வரல, போறதுக்கு ஓரமும் இல்ல.

அதுக்கு முந்தின வருஷம் நம்ம தீர்மானம் என்னன்னா ஒரு ஜெப மண்டபம் கட்டி நம்ம சங்கத்துப் பேர் கல்வெட்டு வைக்கிறதுன்னு இருந்துச்சு. ஆஸ்பத்திரி மேட்ரன் அமாயிகிட்ட (அமாயின்னா இங்க அம்மா) உங்களுக்கு என்ன தேவைன்னு கேட்டப்ப அவங்க மண்டபத்தப் பத்தி பேசவே இல்ல, சமையல் கட்டு, தண்ணி, கழிப்பறை, பூட்டு போட்ட ஒரு மாவு ரூம், இவ்வளவுதான் சொன்னாங்க. மே மாசக் கூட்டத்துல நீங்க ஓட்டுப் போட்டு மண்டபத்த விட்டுட்டு இதுக்கு மாத்துனீங்க. இந்தச் சங்கம் எடுத்த தீர்மானங்கள்லயே எனக்கு ரொம்பப் பெருமையா இருக்கிறது இதுதான். ஜெபத்துக்கு அங்க குறைவே இல்ல, லாரி ரிம்மத் தொங்கவிட்டு இரும்பால தட்டுறதுதான் மணி, அது அடிச்சதும் காலையில டாக்டர்ல இருந்து தோட்டக்காரர் வரைக்கும் எல்லாரும் வெளிநோயாளி பிரிவு பெஞ்சுல உக்காந்து வாத்தியம் எதுவும் இல்லாம நாலு குரல்ல சிச்சேவா மொழிப் பாட்டு பாடுவாங்க, காத்திருக்கிற நோயாளிகளும் சேர்ந்துக்குவாங்க, அதுக்கு மேல ஒரு மண்டபம் எதுக்கு.

கட்டட வேலை மே கடைசியில ஆரம்பிச்சோம். இங்க மழை நவம்பர்ல பிடிச்சா ஏப்ரல் வரைக்கும்ங்கிறதால கட்டுறதுக்கு கிடைக்கிறது நடுவுல உள்ள மாசங்கள்தான், அதுலயும் ஜூன் ஜூலையில மொசாம்பிக் பக்கத்துல இருந்து சிப்பெரோனி காத்து குளிரும் தூறலும் கொண்டு வந்து மலையடிவாரத்த மூடிடும். முதல் விவாதம் செங்கலப் பத்தி. இங்க வழக்கம் என்னன்னா மண்ண மிதிச்சு அச்சுல அடிச்சு காயவச்சு, அப்புறம் கல்லையே சூளையா அடுக்கி அடியில சுரங்கம் மாதிரி வழி விட்டு, வெளியில சேறு பூசி, ரெண்டு மூணு நாள் விடாம விறகு எரிக்கிறது. ஒரு சூளைக்கு எவ்வளவு மரம் போகுதுன்னு பாத்தவங்களுக்குத் தெரியும், அந்த மரம் வர்றது இதே மலைச்சரிவுல இருந்துதான். மரம் போன சரிவு மழையில என்ன பண்ணும்னு 1991 மார்ச்ல பக்கத்து பலோம்பேயில வந்த மண்சரிவுல பாத்தாச்சு, 2023ல மறுபடி பாத்தாச்சு. அதனால சூளை வேண்டாம், மண்ணோட கொஞ்சம் சிமெண்ட் கலந்து மெஷின்ல அழுத்தி எடுக்கிற பிளாக்ல கட்டுவோம்னு கமிட்டி முடிவு பண்ணுச்சு. அத சுடத் தேவையில்ல, ரெண்டு மூணு வாரம் தண்ணி தெளிச்சு மூடி வச்சா போதும்.

மேஸ்திரிமாருக்கு முதல்ல நம்பிக்கை வரல, சுடாத கல்லு மழையில கரையும்னாங்க. அவங்க பயம் நியாயமானதுதான், ஃப்ரெடியில விழுந்த வீடுகள்ல நிறைய சுடாத பச்சை மண்கல்லுல கட்டினது. அப்ப பெரிய மேஸ்திரி ஒரு பிளாக்க எடுத்துட்டுப் போய் தண்ணி டிரம்ல போட்டு வச்சாரு, மறுநாள் எடுத்து மூலையில நகத்தால கீறிப் பாத்தாரு, சுத்தியலால தட்டிப் பாத்தாரு, அப்புறம் ஒண்ணும் சொல்லாம நூல் கட்ட ஆரம்பிச்சுட்டாரு. மணல் கிராமத்து ஆளுங்க ஆத்துல இருந்து கொண்டு வந்தாங்க, ஜல்லி பொம்பளைங்க ரோட்டோரம் உக்காந்து சுத்தியலால உடைச்சது, அதுக்குக் கூலி கையில கொடுத்தோம். லிண்டல் மட்டத்துல சுத்திவர ரிங் பீம், வரிசைக்கு நடுவுல பிரிக்ஃபோர்ஸ் கம்பி, கூரைச் சட்டத்த பீம்ல புதைச்ச கம்பியோட முறுக்கிக் கட்டினதுன்னு காத்துக்குப் பறக்காத மாதிரி எல்லாம் பண்ணிருக்கோம். இதுக்கு செலவு கூடுச்சு, கூடட்டும்.

நவம்பர்ல பெரிய அடி விழுந்துச்சு. மலாவி ரிசர்வ் வங்கி இந்த நாட்டுப் பணமான குவாச்சாவோட மதிப்ப இறக்கி ஒரு டாலருக்கு 1,180 கிட்ட இருந்தது ஒரே நாள்ல 1,700 ஆச்சு. நாம தகரத்துக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்த ஹார்ட்வேர் கடை பழைய விலைக்குத் தர முடியாதுன்னு சொல்லிட்டாங்க, ரசீதக் காட்டினாலும் கேக்கல. சுவர் நின்னாச்சு, மழை வரப்போகுது, கூரை இல்ல. 30 கேஜ் மெலிசு தகரம் வாங்கி முடிச்சிடலாம்னு சிலர் சொன்னாங்க, ஆனா புயல்ல கிழிஞ்சது எல்லாம் அந்த மெலிசு தகரம்தானே, அதனால அத விட தடிச்ச 28 கேஜ்தான்னு பொருளாளர் அண்ணன் உறுதியா நின்னாங்க. மூணு குடும்பங்கள் பேர் சொல்ல வேண்டாம்னு சொல்லி மீதிப் பணத்தக் கொடுத்தாங்க. கூரை ஏறுன அன்னைக்கு அங்க இருந்த பெண்கள் எல்லாம் சேர்ந்து நம்ம ஊர் குலவை மாதிரியே நாக்கைச் சுழட்டி சத்தம் போட்டாங்க, நம்ம அக்காமாரும் விடல, பதிலுக்குப் போட்டாங்க.

இப்ப அந்தக் கட்டடத்துல ரெண்டு பெரிய அறை, நீளமான வராந்தா, சுவரோட கட்டின களிமண் அடுப்பு வரிசை, மாவு ரூம், குளியலறை, மழைத்தண்ணி டேங்க் இருக்கு. அடுப்பு உயரம் முதல்ல நம்ம இன்ஜினியர் தம்பி நின்னு சமைக்கிற மாதிரி வரைஞ்சிருந்தாங்க, ஆனா ன்சிமா கிண்ட ரெண்டு காலாலயும் பானைய அணைச்சுப் பிடிச்சு துடுப்ப அழுத்தணும், அது உக்காந்தாதான் வரும்னு பெண்கள் செஞ்சு காட்டினதும் தாழ்வா மாத்திக் கட்டினோம். டீச்சர் வீடு ரெண்டும் கூரை மாத்தி முடிஞ்சுது.

ஜனவரி 15 சிலெம்ப்வே நாள் லீவுல வாலிபப் பிள்ளைங்கள ஜான் சிலெம்ப்வேயோட மிஷன் இருக்கிற சிராட்சுலுவுக்கு கூட்டிட்டுப் போனோம். பிளாண்டயர்ல 1888–1891ல கட்டின செயின்ட் மைக்கேல் ஆலயத்த நம்ம பிள்ளைங்க தினமும் பாக்கிறாங்க, டேவிட் கிளெமென்ட் ஸ்காட் ஐயர் கட்டடக்கலை படிக்காதவரு, இங்கத்து ஆளுங்கள வச்சே எண்பதுக்கும் மேற்பட்ட வடிவத்துல செங்கல் அடிச்சு எழுப்பினது, அழகுதான். ஆனா ஜான் சிலெம்ப்வே கட்டினதையும் அவங்க தெரிஞ்சுக்கணும்னு எனக்கு ஆசை. அமெரிக்காவுல படிச்சுட்டு 1900ல திரும்பி வந்து மிஷன் ஆரம்பிச்ச ஆப்பிரிக்க போதகர், பள்ளிக்கூடங்கள நடத்தி 1913ல பெரிய செங்கல் ஆலயத்தையும் எழுப்பி முடிச்சாரு. பக்கத்து எஸ்டேட்ல கூலிக்காரங்க கட்டின ஜெபவீடுகள எரிச்சதும், மக்கள் பட்ட மத்த கொடுமைகளும் சேர்ந்துதான் வெள்ளைக்கார ஆட்சிக்கு எதிரா அவர் தலைமையில 1915 எழுச்சி வந்துச்சு, அத அடக்கினப்ப அவரையும் சுட்டுட்டாங்க, அந்த ஆலயத்த அரசாங்கமே வெடி வச்சுத் தகர்த்துடுச்சு. 1926ல அவரோட மிஷன்ல படிச்ச டாக்டர் டேனியல் மலேகெபு திரும்பி வந்து மிஷன மறுபடி திறந்து ஆலயத்தையும் திரும்பக் கட்டினாரு. வெளியில இருந்து வந்து கட்டிக் கொடுத்ததுதான் மிஷன்னு நம்ம பிள்ளைங்க நினைச்சுட்டு வளரக் கூடாது.

இந்த அறிக்கைய எழுதுற நேரம் நிலைமை நல்லா இல்ல. போன வருஷம் வெள்ளம், இந்த வருஷம் எல் நினோவால மழையே இல்ல, பிப்ரவரியில மக்காச்சோளம் கதிர் பிடிக்கிற நேரத்துல வயல் காஞ்சு நிக்குது. மார்ச் 23ஆம் தேதி ஜனாதிபதி 28 மாவட்டத்துல 23 மாவட்டத்த பேரிடர் பகுதியா அறிவிச்சுட்டாரு. புது சமையல் கட்டுல அடுப்பு இருக்கு, பானை இருக்கு, மாவு ரூம்ல மாவு குறைவா இருக்கு. சத்துக் குறைஞ்ச பிள்ளைங்க வார்டுல கூடிட்டு வர்றாங்க.

அதனால வர்ற வருஷத்துக்கு கமிட்டி புதுக் கட்டடம் எதையும் முன்வைக்கல. பிரசவ வார்டுக்கு இன்னொரு அறை வேணும்னு மிஷன்ல கேட்டிருக்காங்க, அது தேவைதான், அடுத்த வருஷம் பாக்கலாம். இப்ப மூணு காரியத்துக்கு உங்க ஒப்புதல் கேக்கிறோம்: சோளம் விலை ஏறுறதுக்கு முன்னாடி வாங்கி மாவு ரூம்ல இருப்பு வைக்க ஒரு தொகை, போர்வெல் கைப்பம்புக்கு ரப்பர் சீலும் ராடும் மாத்த ஒரு சின்ன தொகை, சரிவுல மரக்கன்னு வைக்கிற கிராமக் குழுவுக்கு நர்சரிப் பை வாங்கிக் கொடுக்கிறது. கல்வெட்டு வைக்கிற யோசனைய மறுபடி சிலர் கேட்டிருக்காங்க, கமிட்டிக்கு அதுல விருப்பம் இல்ல, ஆனா ஓட்டுக்கு விடணும்னு நினைச்சா விடலாம்.

கணக்கு ஆடிட் பண்ணி தனியா இணைச்சிருக்கு, பொருளாளர் அண்ணன் இப்ப வாசிப்பாங்க. கேள்வி இருந்தா வாசிச்சு முடிச்சதும் கேளுங்க, மூணு தீர்மானத்துக்கும் ஓட்டு அசனத்துக்கு முன்னாடியே எடுத்துடலாம்.

இப்படிக்கு,
செயலாளர்