கிளவுடில் ஏற்றிய கணக்குக்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு தொழில் நிறுவனங்கள் தங்கள் கணக்குகளை, இணையம் வழியே பிற நிறுவனங்களின் கணினிகளில் (சர்வர்களில்) தரவை வைக்கும் கிளவுட் சேவைகளுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்தித் தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அதன் அடிப்படைக் கருத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், ஏற்றிவிட்டால் பிறகு கவலையே இல்லை என்ற எண்ணத்தை அது வாசகர் மனத்தில் ஏற்படுத்திவிடக்கூடும். திருப்பூரில் பின்னலாடைத் தொழிற்கூடங்களுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணக்கு எழுதி வருபவன் என்ற முறையில், அந்தச் சேவை எதற்குப் பொறுப்பேற்கிறது, எதற்கு ஏற்பதில்லை என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

அமேசான் நிறுவனம் 2006-இல் தன் சேமிப்பகத்தைப் பிற நிறுவனங்களுக்கு வாடகைக்கு விடத் தொடங்கிய காலத்திலிருந்து இந்தத் தொழிலின் அடிப்படை பெரிதாக மாறவில்லை. சர்வரை நாம் வாங்குவதில்லை. பயன்படுத்தும் அளவுக்கு மாதந்தோறும் பணம் கட்டுகிறோம். மின்தடையைச் சமாளிப்பதும், அறையைக் குளிர்விப்பதும், பழுதான ஹார்ட் டிஸ்க்கை மாற்றுவதும் அவர்கள் பாடு. மைக்ரோசாஃப்ட் 2015-இல் புனே, சென்னை, மும்பை ஆகிய இடங்களிலும், அமேசான் 2016-இல் மும்பையிலும் தரவு மையங்களைத் தொடங்கிவிட்டதால், நம் பில்களும் டெலிவரி சலான்களும் கடல் கடந்து போய்த்தான் தங்க வேண்டும் என்ற நிலையும் இல்லை. அமேசானின் வழக்கமான சேமிப்புத் திட்டத்தில், ஏற்றப்படும் ஒவ்வொரு கோப்பும் ஒன்றுக்கொன்று விலகியிருக்கும் குறைந்தது மூன்று மையத் தொகுதிகளில் பரவலாக வைக்கப்படுகிறது. ஓராண்டில் ஒரு கோப்பு அழியாமல் இருப்பதற்கான வாய்ப்பு 99.999999999 விழுக்காடு இருக்குமாறு அதை வடிவமைத்திருப்பதாக அந்நிறுவனம் கூறுகிறது. பனியன் கம்பெனியின் மாடிப்படிக்குக் கீழே பஞ்சு படிந்து கிடக்கும் சர்வருக்கு இப்படி ஓர் உறுதியை எவரும் தர முடியாது.

ஆனால் அந்தப் பதினொரு ஒன்பதுகளும் அவர்களுடைய கருவிகள் பழுதாவதைப் பற்றியவை. அழிக்கும் உத்தரவு நம் பயனர் கணக்கிலிருந்தே போனால், எத்தனை இடத்தில் படி இருந்தாலும் எல்லாம் சேர்ந்தே அழியும். பழைய பதிப்புகளைத் தக்கவைக்கும் வசதி உண்டு என்றாலும், அதை நாமே கேட்டு இயக்க வேண்டும். அதற்குரிய இடத்துக்கும் வாடகை கட்ட வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். நான் கணக்குப் பார்க்கும் ஒரு தொழிற்கூடத்தில், சாயப்பட்டறைக்குத் துணி அனுப்பிய சலான்களை ஸ்கேன் செய்து, அலுவலகக் கணினியோடு இணைக்கப்பட்ட கிளவுட் கோப்புறையில் சேர்த்து வந்தோம். கணினியில் இடம் போதவில்லை என்று ஊழியர் ஒருவர் பழைய கோப்புறையை நீக்கியபோது, அதே கணத்தில் அது கிளவுடிலும் நீங்கியது. நீக்கியவற்றை அந்தச் சேவை முப்பது நாள்கள் மட்டுமே வைத்திருக்கும்; எங்களுக்கு விஷயம் தெரிந்ததோ மூன்று மாதம் கழித்து, ஆடிட்டர் சலான்களைக் கேட்டபோதுதான். சாயப்பட்டறைக்காரரைக் கெஞ்சி அவரிடமிருந்த காகிதப் படிகளை வாங்கி வந்து மீண்டும் ஸ்கேன் செய்தோம். சேவை நிறுவனத்தைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இரண்டு இடங்களையும் ஒரேபோல வைத்திருக்கும் ஒத்திசைவை, தனியாக எடுத்து வைக்கும் பாதுகாப்புப் படி, அதாவது பேக்கப், என்று எண்ணிக்கொண்டவன் நான்தான்.

அவர்கள் பக்கமும் விபத்தும் பிழையும் நேராமல் இல்லை. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்திராஸ்பூர் நகரில் ஓவிஎச்கிளவுட் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று எரிந்து அழிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் சிலருக்கு எதுவும் மிஞ்சவில்லை. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜான் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் மின்கலத்திலிருந்து பரவிய தீ, அரசு ஊழியர்களின் பணிக்கோப்புகள் 858 டெராபைட் அளவுக்கு இருந்த சேமிப்பகத்தை அழித்தது. அளவு மிகப் பெரியது என்ற காரணத்தால் அதற்கு வெளியே படி எடுத்து வைக்கப்பட்டிருக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதிக்கு நேர்ந்தது இன்னும் விசித்திரமானது. கூகுள் கிளவுடில் அதற்கென இடம் அமைத்தபோது ஒரு விவரம் நிரப்பப்படாமல் விடப்பட்டதால், 2024 மே மாதத்தில் அந்த அமைப்பு தானாகவே நீக்கப்பட்டுவிட்டது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் ஏறத்தாழ ஒரு வாரம் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. ஆயினும் வேறொரு நிறுவனத்திடமும் பேக்கப் வைத்திருந்தது மீட்புக்கு உதவியது.

நம் நாட்டு நிகழ்வு ஒன்றும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடைகளைத் தொடர்ந்து, 2025 ஜூலையில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிறுவனமான நயாரா எனர்ஜிக்கான சேவைகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. நிறுவனம் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடிய சில நாள்களில் சேவை திரும்பக் கிடைத்தது. குஜராத்தின் வாடினாரில் இவ்வளவு பெரிய ஆலை நடத்துபவர்களுக்கு வழக்கறிஞர்கள் உண்டு. பத்துத் தையல் இயந்திரம் வைத்திருப்பவர் எந்த நீதிமன்றத்துக்குப் போவார்?

அவருடைய சிக்கல் உண்மையில் இதைவிட அருகிலேயே இருக்கிறது. நான் அறிந்த சிறு நிறுவனங்களில் பெரும்பாலானவை அந்தப் பெரிய நிறுவனங்களோடு நேரடியாக ஒப்பந்தம் செய்துகொண்டவை அல்ல. டேலி என்ற கணக்கு மென்பொருளைக் கிளவுடில் ஏற்றித் தருகிறோம் என்று வரும் ஓர் இடைநிலை நிறுவனம் சர்வரை மொத்தமாக வாடகைக்கு எடுத்து, பல கம்பெனிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. சர்வர் கணக்கு அதன் பெயரில் இருக்கும். அது வாடகை கட்டத் தவறினால், ஒழுங்காகப் பணம் கட்டிய நாமும் சேர்ந்தே வெளியே நிற்போம். நேரடியாக வாங்கிய இடங்களிலும்கூட, கடவுச்சொல்லை மீட்பதற்கான கைப்பேசி எண் எப்போதோ வேலையை விட்டுப் போன கம்ப்யூட்டர் பையனுடையதாக இருப்பதைக் கண்டிருக்கிறேன்.

சட்டமோ நம்மைத்தான் கேட்கும். ஆண்டு அறிக்கை தாக்கல் செய்வதற்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கேடுகளைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி சட்டம். சந்தா நின்றால் குறிப்பிட்ட அவகாசத்துக்குப் பின் தரவை அழித்துவிடுவது கிளவுட் ஒப்பந்தங்களில் வழக்கம். ஆறு ஆண்டுக் கடமையை மாத வாடகையின்மேல் நிறுத்தியிருக்கிறோம் என்பதை எத்தனை முதலாளிகள் உணர்ந்திருக்கிறார்கள்? பதிவு பெற்ற கம்பெனிகள் மின்னணுக் கணக்கேடுகளின் பேக்கப்பை நாள்தோறும் இந்தியாவிலுள்ள சர்வரில் எடுத்து வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. கூட்டாண்மை நிறுவனங்களை இவ்விதி கட்டுப்படுத்தாது என்றாலும் அவையும் பின்பற்றினால் நல்லது.

வெளியேறும் வழியையும் முன்பே கேட்டு வைக்க வேண்டும். தரவை ஏற்றுவதற்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. பெருமளவில் இறக்குவதற்கு உண்டு. முற்றிலுமாக விலகிச் செல்வோரிடம் அக்கட்டணத்தை வாங்குவதில்லை என்று கூகுளும் அமேசானும் 2024-இல் அறிவித்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம், சேவை மாறுவதற்கான கட்டணங்களை 2027 ஜனவரி 12 முதல் தடை செய்கிறது. உள்ளூர் இடைநிலை நிறுவனத்தை இவை எதுவும் கட்டுப்படுத்துவதில்லை.

இப்போது எங்கள் தொழிற்கூடத்தில் சனிக்கிழமை மாலை இயந்திரங்கள் நின்றபின், அந்த வாரத்துக் கணக்கைக் கிளவுடிலிருந்து இறக்கி ஒரு தனி ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றுகிறோம். அது முதலாளி வீட்டுப் பீரோவில் இருக்கிறது. மாதம் ஒருமுறை அதிலிருந்து ஏதாவது ஒரு கோப்பைத் திறந்தும் பார்க்கிறோம், திறக்காத பேக்கப்பை நம்பிப் பயனில்லை என்பதால்.

எல்லோரும் இப்படித் தனித்தனியே பட்டுத் தெளிய வேண்டியதில்லை. சர்வர் கணக்கு யார் பெயரில் இருக்கும், நீக்கியவை எத்தனை நாள் தங்கும், சந்தா நின்றபின் தரவு எவ்வளவு காலத்துக்குள் எந்த வடிவில் திருப்பித் தரப்படும் என்பவற்றைத் தெளிவாகச் சொல்லும் மாதிரி ஒப்பந்தம் ஒன்றைத் தமிழில் தயாரித்து உறுப்பினர்களுக்கு வழங்குமாறு, தங்கள் நாளிதழின் வாயிலாகத் தொழில் அமைப்புகளையும் ஆடிட்டர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பின்னலாடைத் தொழிற்கூடக் கணக்காளர்,
திருப்பூர்.